வலமா, இடமா?

கோயிலுக்குச் செல்கிறோம், வலம் வருகிறோம். ஏன் வலம் வரவேண்டும், இடம் வந்தால் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கேட்டவர்களுக்கும் வீட்டில் கிடைத்த விடை பெரும்பாலும் ஒன்றே: "அப்படித்தான் வழக்கம்." இந்த விடையோடு அமைதி கொள்பவர் ஒரு சாரார். இந்த விடையைக் கேட்டதுமே சடங்கு முழுவதையும் உதறிவிடுபவர் மற்றொரு சாரார். நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவனாகவே இருந்துவந்தேன். பௌதிகம் படிக்கிறவனுக்கு அதுவே அழகு என்றும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை அசைத்தது, நம் நாட்டிற்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு சமயத்தாரின் வழக்கு. அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்திற்கு மெல்போர்ன் நகரத்து மாணவி ஒருவர் வந்து சேர்ந்தார். ஆறு மாதம் இங்கே ஆராய்ச்சி செய்வது அவர் திட்டம். அக்டோபர் 31ஆம் நாள் மாலை, தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, "இன்று எனக்கு ஒரு சிக்கல்" என்றார். இறந்தவர்களை நினைக்கும் தம் சமயத் திருநாளை அவர் ஏப்ரல் மாத இறுதியிலேயே மெல்போர்னில் கொண்டாடிவிட்டாராம். இப்போது சண்டிகரில் அதே நாள் மறுபடியும் வந்திருக்கிறதாம். ஓராண்டில் ஒரு திருநாள் இரண்டு முறை வருவது எப்படி? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். பின்னர் நூலகத்தில் தேடியும் சில செய்திகளை அறிந்துகொண்டேன்.

அவர் தம்மைப் 'பேகன்' என்று சொல்லிக்கொண்டார். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்பது பொருள். கிறிஸ்துவ சமயம் ஐரோப்பாவில் பரவிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாதவர்களைச் சுட்ட அது பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் அப்பெயரைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட பல குழுவினர் தோன்றினர். அவற்றுள் புகழ் பெற்றது இங்கிலாந்தில் பிறந்த 'விக்கா' என்னும் நெறி.

அதனை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்டினர். 1884இல் பிறந்த இவர், இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றியவர். பின்பு மலாயாவில் ரப்பர்த் தோட்டத்திலும் சுங்கத் துறையிலும் இருந்து, 1936இல் ஓய்வு பெற்றவர். 1939இல் தெற்கு இங்கிலாந்தின் நியூ பாரஸ்ட் பகுதியில், பழங்காலத்திலிருந்து மறைவாக வாழ்ந்துவந்த ஒரு சூனியக்காரர் குழுவில் தாம் சேர்க்கப்பட்டதாக இவர் கூறினார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் இவர் தம் நெறியைப் பற்றி நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மர்ரே என்னும் பேரறிஞர். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழஞ்சமயத்தைப் போற்றியவர்களே என்று 1921இல் நூல் எழுதியவர் அவர்.

ஆனால், அவர் கொள்கை நிலைக்கவில்லை. நீதிமன்ற ஏடுகளில் தமக்கு ஏற்றவற்றை மட்டும் அவர் எடுத்துக் காட்டினார் என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் நிறுவினர். 1999இல் ரொனால்டு ஹட்டன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர், விக்காவின் சடங்குகளில் பெரும்பகுதி 19, 20ஆம் நூற்றாண்டுகளின் இலக்கியத்திலிருந்தும் இரகசியச் சங்கங்களிலிருந்தும் வந்தவை என்று விரிவாகக் காட்டினார். பழமை என்று போற்றப்பட்டது பழமையன்று என்று தெரிந்தால் அச்சமயம் அழிந்திருக்க வேண்டுமே! அழியவில்லை. ஏன் என்பதற்கு ஒரு பெண்மணியின் கதை விடை தருகிறது.

டோரீன் வாலியன்டி என்பவர் 1953இல் கார்டினரிடம் தீட்சை பெற்றார். விக்காவில் குருவின் சடங்கு ஏட்டைச் சீடர் தம் கையாலேயே படியெடுத்துக்கொள்வது வழக்கம். அந்த ஏட்டைப் படித்த அம்மையாருக்கு ஐயம் பிறந்தது. தொன்மையானவை என்று சொல்லப்பட்ட பகுதிகள் சில, 1947இல் மறைந்த அலெய்ஸ்டர் குரோலி என்னும் மந்திரவாதியின் எழுத்துக்கள் என்பதைக் கண்டுகொண்டார். அதை மறைக்காமல் குருவிடமே கேட்டார். தமக்குக் கிடைத்தவை துண்டு துண்டானவை என்றும், இடைவெளிகளைத் தாமே நிரப்ப நேர்ந்தது என்றும் கார்டினர் ஒப்புக்கொண்டார். உம்மால் இயன்றால் இதனினும் நன்றாகச் செய்யும் என்று ஏட்டை அவரிடமே விட்டார். அம்மையார் சடங்கைத் தூக்கி எறியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவுமில்லை. பொருந்தாதவற்றை நீக்கி, வேண்டிய இடங்களில் தாமே எழுதிச் சேர்த்தார். அவர் எழுதியவை இன்று பல நாடுகளில் ஓதப்படுகின்றன. பின்னாளில் தாம் எழுதிய நூலில் இவ்வளவையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

இனி, மெல்போர்ன் நண்பரின் சிக்கலுக்கு வருவோம். விக்கா நெறியினர் ஆண்டில் எட்டுத் திருநாள்களைக் கொண்டாடுகின்றனர். கதிரவன் திசை திரும்பும் நாள்கள் இரண்டு. பகலும் இரவும் ஒத்த நாள்கள் இரண்டு. இவற்றிற்கு இடையே வருபவை நான்கு. அந்த நான்கில் ஒன்று அக்டோபர் 31இல் வரும் 'சௌவின்'. வடக்கே அது குளிர்காலத்தின் வாயில். இறந்தோரை நினைக்கும் நாள். ஆனால் மெல்போர்னில் அப்போது வசந்தம். மரங்கள் பூத்துக் குலுங்கும். ஆகவே ஆஸ்திரேலியாவில் பலர் சௌவினை ஏப்ரல் இறுதிக்கு மாற்றிக்கொண்டனர்.

சிக்கல் நாளோடு நிற்கவில்லை, திசைக்கும் வந்தது. சடங்கில் வட்டமிட்டு வலமாகச் சுற்றுவது இங்கிலாந்து வழக்கம். வலம் நன்மை, இடம் தீமை என்பது அங்கும் உள்ள நம்பிக்கையே. கதிரவன் செல்லும் வழியே செல்லவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இலண்டனில் நண்பகல் கதிரவன் எப்போதும் தெற்கே நிற்கும். அதை நோக்கி நின்றால், இடப்பக்கம் எழுந்து வலப்பக்கம் மறையும். மெல்போர்னிலோ அது வடக்கே நிற்கும். அதை நோக்கி நின்றால், வலப்பக்கம் எழுந்து இடப்பக்கம் மறையும். நிழற்கடிகாரத்தின் நிழலும் அங்கே எதிர்ப்புறமாகவே சுற்றும். அப்படியானால், அங்கே கதிரவனைப் பின்பற்றுகிறவர் இடமாக அன்றோ சுற்றவேண்டும்? நெருப்பைத் தெற்கே வைப்பதா, வடக்கே வைப்பதா?

இதில் அவர்கள் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். காரணத்தைக் காப்பதே மரபைக் காப்பது என்று இடமாகச் சுற்றுவோர் பலர். எத்தனையோ பேர் கைமாற்றித் தந்த வடிவத்தை நம் விருப்பப்படி மாற்றலாகாது என்று வலமாகவே சுற்றுவோரும் உண்டு. இரு சாராரும் சிந்தித்தே செய்கின்றனர் என்பதுதான் என்னைக் கவர்ந்தது.

'என் மனத்திற்குப் பட்டதே சடங்கு' என்று எவரும் எதையும் செய்யலாமா என்று கேட்டேன். அந்த ஆபத்தையும் அவர்கள் அறிந்தே இருக்கின்றனர். குருவும் குழுவுமின்றித் தனியே பயில்வோர்க்கு 1988இல் ஸ்காட் கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் ஒரு நூல் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் அதன்வழி இந்நெறிக்கு வந்தனர். திருத்துவதற்கு ஒருவருமில்லாத சடங்கு தன் நிழலைத் தானே வணங்குவது போலாகும் என்பது பழைய குழுவினரின் கவலை. பல குழுக்களில், புதிதாக வருகிறவர் ஓராண்டும் ஒரு நாளும் பயின்ற பிறகே தீட்சை பெறுகிறார். முதலில் உள்ளபடி செய்து பார். ஒரு முழு ஆண்டு வட்டத்தை அனுபவித்துப் பார். பிறகு மாற்றத்தைப் பற்றிப் பேசு என்பது அதன் கருத்து. ஆராய்ச்சிக்கூடத்தில் நாமும் அதைத்தானே செய்கிறோம்? பழைய சோதனையை உள்ளபடி செய்து பார்க்காதவன் அதைத் திருத்தப் புகுந்தால், பேராசிரியர் சும்மா விடுவாரா?

அன்றிரவு அந்த நண்பர் என்ன செய்தார்? விடுதி மாடியில் ஓர் அகல் விளக்கை ஏற்றி, மறைந்த தம் பாட்டியின் பெயரைச் சொல்லிச் சற்று நேரம் அமர்ந்திருந்தாராம். நாள், திசை, பருவம் எல்லாம் இடத்திற்கு இடம் மாறலாம். இறந்தவரை மறவாமை மட்டும் மாறாது என்று தெளிந்ததாக மறுநாள் சொன்னார். பிறகு, "உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டார்.

நான் பேசாதிருந்தேன். என் தந்தையார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டுத் திதியை ஊரில் செய்தோம். இரண்டாம் ஆண்டு நான் இங்கே இருந்தேன். மார்கழி மூடுபனி, வாழையிலை கிடைக்கவில்லை, காகமும் கண்ணில் படவில்லை. இலையில்லாமல் என்ன படையல், பொருள் தெரியாமல் என்ன சடங்கு என்று விட்டுவிட்டேன். அம்மா தொலைபேசியில் கேட்டபோது, செய்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அதைப் பகுத்தறிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சோம்பலேயன்றி வேறன்று.

நவம்பரில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சினேன். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "உங்கப்பா பம்பாயிலே மில் வேலையிலே இருந்தப்போ, தாத்தா திதிக்குத் தட்டுல ரொட்டியும் டீயும் வச்சுத்தான் கும்பிட்டாராம். இலை இல்லேன்னு யாரு கேட்டா? தெக்கே பாத்து வச்சு, அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடு. அதை மட்டும் விட்டுடாதேப்பா" என்றார்.

நான் வியந்து போனேன். நூல்களில் தேடி நான் கண்ட தெளிவு, பள்ளிப்படிப்பை முடிக்காத என் தாயாரிடம் முன்பே இருந்தது. மரபு என்று நான் எண்ணியிருந்தது கல்லில் வெட்டிய எழுத்தன்று. என் தந்தையே அதை ஒருமுறை மாற்றியிருக்கிறார். ஆனால் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் பொங்கலையும் எண்ணிப் பாருங்கள். கதிரவன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். நாம் தை முதல் நாளைக் கொண்டாடுவதோ ஜனவரி 14 அல்லது 15இல். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், நட்சத்திரங்களைக் கொண்டு கணிக்கும் நம் பஞ்சாங்கம் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாளாக விலகி வந்திருக்கிறது. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இதைக் காட்டிப் பொங்கலை டிசம்பருக்கு மாற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். புத்தரிசி வந்த மகிழ்ச்சியும், கதிரவனுக்கும் கால்நடைக்கும் நன்றியும், சுற்றம் கூடுவதுமே அதன் உயிர். எனினும், கணக்கு விலகியிருப்பதை அறிந்து கொண்டாடுவதும் அறியாமல் கொண்டாடுவதும் ஒன்றாகா.

சென்ற மார்கழியில் திதி வந்தது. விடுதி மாடியில், எவர்சில்வர் தட்டில் சோறும் பருப்பும் வைத்து, தெற்கு நோக்கி நின்று அப்பாவின் பெயரைச் சொன்னேன். தென்புலத்தார் என்பது நம் முன்னோரைக் குறிக்கும் பழஞ்சொல். அதன் பொருளை நான் முழுதும் ஆராய்ந்து முடிக்கவில்லை. ஆனால் சண்டிகரிலிருந்து பார்த்தால் எங்கள் தஞ்சையும் தெற்கேதான் இருக்கிறது. அன்றும் பனி மூட்டமாகவே இருந்தது. காகம் வர நெடுநேரமாயிற்று. வரும்வரை நின்றேன்.