பணியிலிருந்தவாறே செவிலியர் பட்டம்

பணியிலுள்ள பட்டயச் செவிலியர் பட்டம் பெறுவதற்கென, 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994-இல் தொலைநிலைப் படிப்பொன்றைத் தொடங்கியது. செவிலிய முதுநிலைக் கல்விக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் இளநிலைப் பட்டமே வாயிலாகும்.

இத்தொழிலுக்குப் புதியவர்கள் இதில் சேர இயலாது. செவிலியப் பட்டயமும் மாநிலச் செவிலியர் மன்றப் பதிவும் இன்றியமையாதவை. மேல்நிலைக் கல்வி முடித்துப் பட்டயம் பெற்றோருக்கு 2 ஆண்டுகளும், பத்தாம் வகுப்புடன் பட்டயம் பெற்றோருக்கு 5 ஆண்டுகளும் பணி அனுபவம் வேண்டும். நுழைவுத் தேர்வும் உண்டு. கல்லூரியில் நேரில் பயில்வோர் 2 ஆண்டுகளில் முடிக்கும் இப்படிப்புக்கு இங்கு குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும்.

செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. பாடங்களை வீட்டில் படிக்கலாம். நோயாளியின் படுக்கையருகே பெறும் பயிற்சிக்குக் கல்வி மையத்திற்கு நேரில் சென்றாக வேண்டும். பயணம், தங்குமிடம், ஊதியமில்லா விடுப்பானால் இழக்கும் சம்பளம் ஆகிய யாவும் செலவே. தொலைவிலுள்ள சிற்றூர்ச் செவிலியருக்கு இச்சுமை மிகுதி. எனவே, சேருமுன் மையத்தின் தொலைவையும் விடுப்பு விதிகளையும் அறிந்துகொள்வது நலம். மருத்துவமனை நிர்வாகமும் பயிற்சி நாட்களை முன்னரே கணித்து மாற்று ஏற்பாடு செய்தால், சேர்ந்தவர் இடையில் நின்றுவிடாமல் பட்டம் பெறுவார்.