புளூட்டோவின் உள்ளே பாறை இருப்பது எப்படித் தெரிந்தது?

புளூட்டோவில் யாரும் இறங்கித் தோண்டிப் பார்த்ததில்லை. 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதைக் கடந்து போனதோடு சரி. பிறகு எப்படி உள்ளே பாறை, மேலே பனிக்கட்டி என்கிறார்கள்? நம் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் நாம் மழுப்ப வேண்டியதில்லை.

துணைக்கோள்தான் தராசு. 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்தபோது, அதன் நிறை பூமி அளவுக்கு இருக்கலாம் என்று நினைத்தார்கள். 1978-ல் ஜேம்ஸ் கிறிஸ்டி அதன் துணைக்கோள் சாரனைக் கண்டார். சாரன் எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் (சுமார் 6.4) சுற்றுகிறது என்பது தெரிந்ததும், அதை இழுத்துப் பிடித்திருக்கும் நிறையைக் கணக்கிட முடிந்தது. பூமியின் நிறையில் ஏறத்தாழ ஐநூறில் ஒரு பங்குதான்!

நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 1 கிராம், பாறை சுமார் 3 கிராம். புளூட்டோவுக்குக் கிடைத்தது 1.85, சாரனுக்கு 1.7. அப்படியானால் இரண்டிலும் பாறையும் பனிக்கட்டியும் கலந்திருக்கின்றன. புளூட்டோவின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு பாறை. கனமான அது நடுவில் இறங்கியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

சாரனின் மேற்பரப்பில் பெரும் பிளவுகள் ஓடுகின்றன. உள்ளே இருந்த நீர் உறைந்து விரிந்ததில் மேலோடு கிழிந்திருக்கலாம். ஃப்ரீசரில் மறந்து வைத்த கண்ணாடி பாட்டில் வெடிப்பதை நாமும் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான்.

இன்னும் தொலைவிலுள்ள குறுங்கோள் ஈரிஸ், உருவத்தில் புளூட்டோவைவிடச் சற்றுச் சிறியது. நிறையிலோ கால் பங்குக்கு மேல் கூடுதல். ஆகவே அங்கே பாறை அதிகம். அதை எடைபோட உதவியதும் டிஸ்னோமியா என்ற அதன் துணைக்கோளே.