மிஷின் சாகவில்லை, பேப்பர் திரும்பியிருக்கிறது

ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம். கும்பகோணத்தில் சித்தப்பாவின் பாத்திரக் கடையில் நிற்க இடமில்லை. சீர்வரிசை வாங்க வந்த ஒரு குடும்பத்துக்கு அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் என்று நாற்பதாயிரத்துக்கு மேல் பில். பெண்ணின் அப்பா கார்டைச் செருகி, பின் நம்பரை அழுத்தினார். மிஷின் கர்ரென்று ஒரு சத்தம் போட்டு வெள்ளைக் காகிதத்தைத் துப்பியது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"மிஷினு செத்துப்போச்சுடா" என்றார் சித்தப்பா. "பணம் போயிருச்சா இல்லையாங்க?" என்றார் அவர். வங்கியின் குறுஞ்செய்தி வருகிற போன் வீட்டில் மகனிடம் இருந்தது. சித்தப்பா இன்னொரு தடவை தேய்த்துவிடலாம் என்று கையை நீட்டினார். அதற்குள் கடைப் பையன் மிஷினை வாங்கி, மூடியைத் திறந்து, காகிதச் சுருளை வெளியே எடுத்து அதன்மேல் நகத்தால் ஒரு கோடு கிழித்தான். கோடு விழவில்லை. மறுபுறம் கிழித்தான், கறுப்பாக விழுந்தது. "தலைகீழா போட்டிருக்கோம் முதலாளி" என்று சொல்லிச் சுருளைத் திருப்பிப் போட்டான். மெனுவில் கடைசி ரசீதை மறுபடி அச்சடிக்கச் சொன்னதும் பில் தொகை, 'அப்ரூவ்டு' எல்லாம் பளிச்சென்று வந்தன. சித்தப்பா நினைத்தபடி இரண்டாவது தடவை தேய்த்திருந்தால், நாற்பதாயிரம் இரண்டு நாற்பதாயிரமாகியிருக்கும்.

அந்த மிஷினுக்குள் மை கிடையாது. காகிதத்தின் ஒரு பக்கத்தில்தான் சூடுபட்டால் கறுக்கும் பூச்சு இருக்கிறது. மிஷினின் அச்சுத்தலை சூடாகித் தொடுகிற இடமெல்லாம் எழுத்தாகிறது. நகம் உரசும் சூட்டுக்கே பூச்சு கறுத்துவிடும் என்பதால், எது சரியான பக்கம் என்று கண்டுபிடிக்க வேறு எந்தக் கருவியும் வேண்டாம். வெள்ளைச் சீட்டு வந்தால் முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எழுத்து வருகிறது, ஆனால் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது என்றால் அச்சுத்தலையில் அழுக்கு படிந்திருக்கிறது. மிஷினை அணைத்து, தலை ஆறிய பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். அதன்பிறகும் அதே இடத்தில் கோடு நின்றால் தலையின் ஒரு புள்ளி எரிந்துபோயிருக்கிறது. அது சர்வீஸ்காரர் வேலை. எல்லா எழுத்துமே மங்கலாக வந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் காகிதம் மட்டம். மட்டமான காகிதம் விலையில் மிச்சப்படுத்துவதை அச்சுத்தலையைத் தேய்த்து வாங்கிக்கொள்ளும். சுருளின் அகலம் வழக்கமாக 57 மில்லிமீட்டர். அகலம் சரியாக இருந்தும் சுருள் பெருத்திருந்தால் மூடி முழுதாகப் பதியாது. மிஷின் 'நோ பேப்பர்' என்று முனகும். உள்ளேதான் காகிதம் இருக்கிறதே என்று நாம் அதன்மேல் கோபப்படுவோம்.

கார்டைத் தேய்த்த காலம் ஏறக்குறைய மலையேறிவிட்டது. இப்போது செருகுகிறோம், அல்லது தொடுகிறோம். ஆனாலும் "எங்க தேய்க்கணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். இந்தச் சொல் பழக்கம் சில சமயம் கையையும் பழைய வழிக்கு இழுத்துவிடும். சிப் உள்ள கார்டைப் பக்கவாட்டில் தேய்த்தால் மிஷின் செருகச் சொல்லும். செருகிய கார்டை 'எடு' என்று சொல்லும் முன்னே உருவினால் பரிவர்த்தனை பாதியில் அறுந்துபோகும். கடைகளில் 'சிப் எரர்' என்று புலம்பப்படுவதில் கணிசமான பங்கு இந்த அவசரத்தால் வருவதுதான் என்பது நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்டது. மீதி, சிப்பின் மேல் படிந்த எண்ணெயும் வியர்வையும். மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ரப்பர் போட்டு அழிப்பதும் வேண்டாம், வாயால் ஊதுவதும் வேண்டாம். ஊதினால் காற்றோடு ஈரமும் உள்ளே போகும். செருகும் இடத்தைத் துடைக்கவென்றே கார்டு வடிவில் துப்புரவு அட்டைகள் விற்கின்றன. மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் மளிகைக் கடைக்கு அதை நான் கட்டாயம் சிபாரிசு செய்வேன்.

தொட்டுக் கட்டுவதில் வேறு வகைச் சிக்கல். பர்ஸோடு சேர்த்து வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டு மூன்று கார்டுகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லி மிஷினைக் குழப்பும். ஒன்றை மட்டும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் பின் நம்பர் கேட்கும். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து இதுதான் வரம்பு, அதற்கு முன் 2,000. இன்னொன்று பலருக்கும் தெரியாது: 2020க்குப் பிறகு வந்த புதிய கார்டுகளில் தொட்டுக் கட்டும் வசதியை வாடிக்கையாளரே தன் வங்கியின் ஆப்பில் திறந்துகொள்ள வேண்டும். திறக்காத கார்டை எத்தனை முறை தொட்டாலும் வேலை நடக்காது. மிஷின்மேல் பழி போடாமல் கார்டைச் செருகிப் பாருங்கள்.

இனி சிக்னல். சித்தப்பா கடையில் சுற்றிலும் அலமாரி அலமாரியாக எவர்சில்வரும் பித்தளையும். கல்லாவும் இரும்பு மேசை. மிஷின் அந்த மேசையின் இழுப்பறைக்குள் இருக்கும். அதிலுள்ள சிம்முக்குச் சிக்னல் எந்த வழியாக வரும்? வாசற்படிப் பக்கம் கொண்டுபோனால் நிமிஷத்தில் வேலை செய்யும் மிஷினை, "நெட்வொர்க் சரியில்லை" என்று மூன்று மாதம் திட்டிக்கொண்டிருந்தார்கள். இடத்தை மாற்றியும் வராவிட்டால் அணைத்து, ஒரு நிமிஷம் விட்டுப் போட்டால் சிம் புதிதாக டவரைத் தேடிப் பிடிக்கும். பேட்டரிக்குக் கீழே இருக்கும் சிம்மைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்பப் போடுவதும் பலன் தரும். வைஃபை வசதி உள்ள மிஷினுக்கு அவசரத்தில் செல்போனின் ஹாட்ஸ்பாட் போதும். கடை வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மிஷினிடம் சொல்ல மறந்துபோவதும் அடிக்கடி நடக்கிறது.

சிக்னல் அறுந்த நேரத்தில்தான் உண்மையான ஆபத்து. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, சீட்டு வரவில்லை. கை உடனே 'இன்னொரு தடவை' என்று நீளும். நீட்டாதீர்கள். முதலில் கடைசிப் பரிவர்த்தனையை அச்சடித்துப் பாருங்கள். அது இல்லையென்றால் மிஷின் வழக்கமாக அடுத்து இணைப்பு கிடைத்ததும் 'அந்தப் பணத்தைத் திருப்பு' என்ற செய்தியைத் தானாக அனுப்பும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, கடையில் கார்டு கணக்கில் கழிந்து சீட்டு வராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. "பணத்தைத் திருப்பிக் கொடுக்காத கடைக்காரன்" என்று சண்டை போடும் வாடிக்கையாளரிடம் இந்த விதியைச் சொல்லலாம். அவருடைய வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் தேவைப்படுவது சீட்டில் ஆர்.ஆர்.என். என்று அச்சாகியிருக்கும் பன்னிரண்டு இலக்க எண். சீட்டே வராதபோது தேதி, நேரம், தொகை, மிஷினின் அடையாள எண்ணான டி.ஐ.டி. ஆகியவற்றைக் குறித்துக் கொடுங்கள்.

'டிக்ளைன்டு' என்று வருவதைப் பார்த்து மிஷினைத் தட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்த வார்த்தை வந்ததென்றால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சிம் டவரைப் பிடித்து, தகவல் வங்கிவரை போய், வங்கி யோசித்து 'இல்லை' என்று சொல்லியிருக்கிறது. பக்கத்திலேயே ஓர் எண் வந்தால் காரணமும் தெரிந்துவிடும். 51 என்றால் கணக்கில் பணம் போதாது. 54 என்றால் கார்டின் தேதி முடிந்துவிட்டது. 55 தவறான பின் நம்பர். 91 என்றால் கார்டு கொடுத்த வங்கியின் கணினி பதில் தரவில்லை, பத்து நிமிஷம் பொறுத்துப் பார்க்கலாம். 05 என்பது காரணம் சொல்லாத மறுப்பு. வாடிக்கையாளர்தான் தன் வங்கியைக் கேட்க வேண்டும். 51 வரும்போது கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகப் படிக்காதீர்கள். "நெட்வொர்க் கொஞ்சம் சரியில்ல, வேற கார்டு இருந்தா பாக்கலாமா?" என்று சித்தப்பா சொல்லும் சிறு பொய்யை நான் பொய்யாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சார்ஜர் விஷயத்தில் நாம் எல்லோரும் கொஞ்சம் அசட்டையானவர்கள். முனை பொருந்துகிறதே என்று கிடைத்த அடாப்டரை மாட்டுவோம். செல்போன் சார்ஜர் 5 வோல்ட் தரும். சில பழைய மிஷின்களுக்கு 9 வோல்ட்டை ஒட்டி வேண்டும். அடாப்டரின் முதுகில் 'அவுட்புட்' என்று எழுதியிருக்கும் வரியை மிஷினின் முதுகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் அன்றே வேலை நிறுத்தம். அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் மிஷினுக்கு வெளியே நடப்பவை. உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரோடு வரும் மச்சினன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. மிஷினை அணைத்த பிறகும் உள்ளே ஒரு சின்ன நாணய பேட்டரி விழித்துக்கொண்டே இருக்கும். உறை திறக்கப்பட்டதை உணரிகள் கண்டுகொண்ட மறுநொடி, கார்டு விவரத்தை மறைக்கும் ரகசியச் சாவிகள் தாமாக அழிந்துவிடும். திருடன் திறந்தாலும் மச்சினன் திறந்தாலும் மிஷினுக்கு ஒன்றுதான். திரையில் 'டாம்பர்டு' என்று வரும். இன்ஜெனிகோ மிஷின்களில் 'அலர்ட் இரப்ஷன்' என்று வரும். ஓங்கிக் கீழே விழுந்தாலோ, அந்தக் குட்டிப் பேட்டரி ஆண்டுக்கணக்கில் தேய்ந்து செத்தாலோகூட இந்த நிலை வரலாம். அப்போது கடையில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. வங்கியிடம் கொடுத்து மாற்ற வேண்டியதுதான்.

அந்த மாற்றும் நேரத்தை எதிர்பார்த்தும் சிலர் காத்திருக்கிறார்கள். கோளாறு என்றதும் இணையத்தில் 'கஸ்டமர் கேர்' தேடினால், மேலே வரும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கலாம். திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொல்வார், ஓ.டி.பி. கேட்பார். அல்லது புது மிஷினோடு நேரிலேயே ஒருவர் வந்து பழையதை வாங்கிக்கொண்டு போவார்; அன்றைய வசூல் வேறு கணக்குக்குப் போகும். எந்த மிஷின் கைமாறினாலும் முதல் சீட்டில் உங்கள் கடைப் பெயரும் வணிகர் எண்ணும்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

ராத்திரி கடை அடைக்கும்போது செட்டில்மென்ட் போட மறக்காதீர்கள். தானாகப் போட்டுக்கொள்ளாத மிஷின்களில் அதைப் போடாதவரை அன்றைய பணம் கணக்குக்கு வராது. போட்ட பிறகு தவறான பில்லை 'வாய்ட்' செய்யவும் முடியாது, ரீஃபண்ட்தான். அந்த ஐந்து நிமிஷத்தில், மிஷின் வாங்கியபோது வங்கி கொடுத்த காகிதத்திலிருந்து உதவி எண்ணையும் மிஷினின் டி.ஐ.டி. எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, மிஷினின் முதுகில் ஒட்டிவிடுங்கள். சித்தப்பா கடையில் அதைக் கடைப் பையன் ஒட்டி வைத்திருக்கிறான், ஒரு சுருள் காகிதத்தையும் உபரியாகப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.