முதலாண்டு நுண்கணிதப் பாடம் (ஐக்கிய அமெரிக்கா)

முதலாண்டு நுண்கணிதப் பாடம் என்பது ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியல், இயற்பியல், வேதியியல், பொருளியல் முதலிய துறைகளை நாடும் மாணவர்கள் முதலாம் ஆண்டில் கற்கும் அடிப்படைக் கணிதப் பாடம் ஆகும். எல்லை, வகையீடு, தொகையீடு ஆகியவை இதன் முதன்மைக் கருத்துருக்கள். இப்பாடத்தில் தேறாதவர் தாம் விரும்பிய துறையையே கைவிட நேரிடலாம். ஆகவே மாணவர்கள் இதனை எவ்வாறு கற்கின்றனர், எங்கே தடுமாறுகின்றனர் என்பது கணிதக் கல்வியின் முக்கியமான ஆய்வுப் பொருளாக இருந்து வருகிறது. தோல்விக்குத் திறமைக் குறைவோ ஆர்வக் குறைவோதான் காரணம் என்ற பரவலான எண்ணத்தை இவ்வாய்வுகள் பெரிதும் மாற்றின.

பாடத்தின் அமைப்பு

பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்பாடம் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் அமரும் விரிவுரை மண்டபங்களில் நடத்தப்படுகிறது. பேராசிரியர் வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் விரிவுரை ஆற்றுவார். இதனுடன் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் நடத்தும் சிறு வகுப்பும் இருக்கும். வாராந்த வீட்டுக் கணக்குகள், இடைத்தேர்வுகள், பருவ இறுதித் தேர்வு ஆகியவற்றைக் கொண்டு தரம் வழங்கப்படும்.

வகுப்புக்கு வருவோரில் பலர் பள்ளியிலேயே நுண்கணிதம் படித்தவர்கள். வேறு சிலர் அதனை முதன்முறையாகக் காண்பவர்கள். இரு சாராரும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டியுள்ளது. பள்ளியில் படித்தவருக்கும் இது எப்போதும் எளிதாக அமைவதில்லை. விதிகளைப் பயன்படுத்தி விடை காணப் பழகியவரிடம், அவ்விதி ஏன் பொருந்துகிறது என்று பல்கலைக்கழகத்தில் கேட்கப்படுகிறது. வகைக்கெழுவைச் சரியாகக் கண்டுவிட்டு, அடுத்து வரும் பின்னத்தைச் சுருக்குவதில் பிழை செய்வோரும் உண்டு. இவர்களுக்குத் தடையாக இருப்பது நுண்கணிதம் அன்று, இயற்கணிதப் பயிற்சிக் குறைவே ஆகும்.

எல்லை என்னும் கருத்துரு

மாணவர்கள் முதலில் தடுமாறும் இடம் எல்லை ஆகும். கீழே விழும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது விழும் தொலைவு, மீட்டரில், நேரத்தின் வர்க்கத்தைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு எனக் கொள்ளலாம். 1 ஆவது நொடிக்கும் 1.1 ஆவது நொடிக்கும் இடையில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 10.5 மீட்டர். இடைவெளியை 0.01 நொடியாகக் குறைத்தால் வேகம் 10.05 ஆகும், 0.001 நொடியாகக் குறைத்தால் 10.005 ஆகும். இம்மதிப்புகள் 10 ஐ நெருங்குகின்றன. எனவே 1 ஆவது நொடியில் கணநேர வேகம் 10 எனப்படுகிறது.

இங்கு மாணவர் மனத்தில் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. இடைவெளி சுழியம் என்றால் அதனால் வகுக்க முடியாது. சுழியம் இல்லை என்றால் விடை சரியாக 10 ஆகாது. அப்படியானால் 10 எங்கிருந்து வந்தது? இக்கேள்வி புதியதன்று. நியூட்டனும் லைப்னிட்சும் 17 ஆம் நூற்றாண்டில் நுண்கணிதத்தை உருவாக்கியபோதே இச்சிக்கல் இருந்தது. 1734 இல் மெய்யியலாளர் ஜார்ஜ் பார்க்லி இதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 19 ஆம் நூற்றாண்டில் கோசி, வயர்ஸ்ட்ராஸ் ஆகியோர் எல்லைக்குத் திட்டமான வரையறையை அளித்த பின்னரே இதற்கு நிறைவான விடை கிடைத்தது. கணிதவியலாளர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட ஒரு தெளிவை, மாணவர் சில வாரங்களில் எட்டுமாறு எதிர்பார்க்கப்படுகிறது.

டேவிட் டால், ஷ்லோமோ வின்னர் ஆகியோர் 1981 இல் வெளியிட்ட கட்டுரை இத்தடுமாற்றத்தை விளக்க உதவியது. ஒரு கருத்துருவின் வரையறை வேறு. அதனைப் பற்றி மாணவர் மனத்தில் உருவாகியுள்ள படிமம் வேறு என அவர்கள் பிரித்துக் காட்டினர். வரையறையைப் பிழையின்றி எழுதும் மாணவரே, கணக்குக்கு விடை காணும்போது தம் மனப் படிமத்தையே நம்புவதுண்டு. 0.999... என முடிவின்றித் தொடரும் எண் 1 க்குச் சமம் என்பதை ஏற்கப் பலர் தயங்குவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்லை என்பது நெருங்கிச் செல்வது, ஆனால் ஒருபோதும் அடையாதது என்ற படிமமே இத்தயக்கத்துக்கு அடிப்படை ஆகும்.

பழகாத கணக்குகள்

தேர்வில் தேறுவதும் பாடத்தைப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதை வேறு சில ஆய்வுகள் காட்டின. அனி செல்டன், ஜான் செல்டன் முதலியோர் 1989 இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தரத் தரம் பெற்ற 17 மாணவர்களுக்கு முன்பு செய்துகாட்டப்படாத வகைக் கணக்குகள் கொடுக்கப்பட்டன. அவர்களில் ஒருவர்கூட ஒரு கணக்கையேனும் முழுமையாகச் செய்யவில்லை. உயர்ந்த தரம் பெற்ற மாணவர்களைக் கொண்டு பின்னர் செய்யப்பட்ட ஆய்விலும், மூன்றில் இரு பங்கினரால் ஒரு கணக்கையும் முழுமையாகச் செய்ய இயலவில்லை. தேவையான நுட்பங்கள் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. அவற்றை எப்போது பயன்படுத்துவது என்பதே தெரியவில்லை.

பெர்க்லி ஆய்வு

1970-களின் பிற்பகுதியில் யூரி டிரைஸ்மன் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஓர் ஆய்வை மேற்கொண்டார். அங்கு நுண்கணிதம் படித்த கறுப்பின மாணவரில் பெரும்பாலோர் மிகக் குறைந்த தரமே பெற்றுவந்தனர். ஆர்வமின்மை, முன்பயிற்சிக் குறைவு, குடும்ப ஆதரவின்மை, வறுமை ஆகியவையே காரணம் என ஆசிரியர்கள் கருதினர். டிரைஸ்மன் கறுப்பின மாணவர் 20 பேரையும், சிறப்பாகத் தேறிவந்த சீன அமெரிக்க மாணவர் 20 பேரையும் தேர்ந்து, அவர்கள் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை நேரில் கவனித்தார். ஆசிரியர்கள் கூறிய காரணங்கள் எவையும் பொருந்தவில்லை.

கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தனர். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்ற அறிவுரைப்படி வாரம் 8 மணி நேரம் படித்தனர். ஆனால் அவர்கள் தனியாகவே படித்தனர். சீன அமெரிக்க மாணவர்கள் வாரம் ஏறத்தாழ 14 மணி நேரம் செலவிட்டனர். முதலில் தனியே கணக்குகளைச் செய்துவிட்டு, மாலையில் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டனர். பிழைகளை ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டினர். ஒரு கணக்கு எவருக்கும் வராவிட்டால், அது உண்மையிலேயே கடினமான கணக்கு என்பது அவர்களுக்குத் தெரிந்தது. தனியே படித்தவரோ குறை தம்மிடமே உள்ளது என்று எண்ணிக்கொண்டார்.

இதன் அடிப்படையில் டிரைஸ்மன் பயிலரங்குகளைத் தொடங்கினார். பின்தங்கியவருக்கான துணை வகுப்பாக இவை அமையவில்லை. வழக்கமானவற்றிலும் கடினமான கணக்குகளை மாணவர்கள் குழுவாக விவாதித்துச் செய்தனர். பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. இம்முறை பின்னர் பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

சீர்திருத்த இயக்கம்

1986 சனவரியில் டுலேன் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாடு நுண்கணிதச் சீர்திருத்த இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1987 இல் வாஷிங்டனில் நடந்த கருத்தரங்கு, இப்பாடம் மாணவரை வெளியேற்றும் வடிகட்டியாக இருத்தல் ஆகாது, முன்னே செலுத்தும் விசைக்குழாயாக இருத்தல் வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதியுதவியுடன் புதிய பாடநூல்கள் எழுதப்பட்டன. ஒவ்வொரு கருத்துருவையும் வரைபடம், எண், குறியீடு ஆகிய மூன்று வழிகளிலும் காட்டுவது ஆர்வர்டு குழுவின் பாடநூலில் பின்பற்றப்பட்ட முறை ஆகும். இந்நூல்கள் கணிதத்தின் கறார்த்தன்மையையும் குறியீட்டுப் பயிற்சியையும் குறைத்துவிட்டன என்று கணிதவியலாளர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

தன்னம்பிக்கை

அமெரிக்கக் கணிதச் சங்கங்களுள் ஒன்று டேவிட் பிரசூட் தலைமையில் 2010 இல் நாடளாவிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. பருவத் தொடக்கத்தில் இருந்ததைவிட இறுதியில் மாணவரின் தன்னம்பிக்கையும், கணிதத்தின் மீதான விருப்பும், அதனைத் தொடரும் எண்ணமும் குறைந்திருந்தன. இத்தரவுகளைக் கொண்டு 2016 இல் வெளியான ஆய்வு, மாணவியர் நுண்கணிதத் தொடரை விட்டு விலகும் வாய்ப்பு மாணவரைவிட 1.5 மடங்கு என்றும், அதற்குத் தன்னம்பிக்கைக் குறைவு காரணமாக இருக்கலாம் என்றும் கூறியது.

2014 இல் 225 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரையை மட்டும் கேட்கும் மாணவர் தோல்வியுறும் வாய்ப்பு, வகுப்பில் தாமே பங்கேற்றுக் கற்போரைவிட 1.5 மடங்கு எனக் கண்டது. பெர்க்லிப் பயிலரங்குகள் சுட்டிய திசையும் இதுவே. கடினமான கணக்கைத் தவிர்ப்பதால் அன்றி, அதனைப் பிறருடன் சேர்ந்து எதிர்கொள்வதாலேயே மாணவர் இப்பாடத்தில் நிலைபெறுகின்றனர் என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.