அருள்வாக்கு நிகழ்ச்சி: பேப்பர்ல வந்தது செய்தியா, விளம்பரமா?

ஆரணியில் பட்டு அசல்தானா என்று சந்தேகம் வந்தால், ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பாங்க. முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. 'மனசுல இருப்பதை அப்படியே சொல்கிறார்' என உள்ளூர்ப் பக்கத்தில் வரும் செய்தியையும் சோதிக்கலாம்.

விதி என்ன?

காசு வாங்கிப் போட்டால் 'விளம்பரம்' எனத் தெளிவாகக் குறிப்பிடணும். இது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறை. மீறினால் கவுன்சில் கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது.

காசு வாங்கலைன்னா செய்தியா?

அங்கதான் சிக்கல். நடத்துபவர் தந்த குறிப்பை அப்படியே போட்டால், அது இலவச விளம்பரம். 2012-ல் சர்ச்சையான நிர்மல் பாபா நிகழ்ச்சி, கட்டண நேரத்தில் செய்தி சேனல்களிலேயே ஓடியது.

அப்போ எது செய்தி?

இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியை நிரூபித்தால் 1 லட்சம் ரூபாய் என 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் ஜெயிக்கவில்லை. சோதித்துப் பார்த்து எழுதினால், அது செய்தி.

படிக்கும்போது கவனிங்க

• டிக்கெட் விலை, போன் நம்பர் இருக்கு. ஒரு எதிர்க்கேள்வியாவது இருக்கா?
• 'சரியாகச் சொன்னார்' என்றால், சரிபார்த்தது யார்?
• தப்பாகச் சொன்னது எத்தனை?

விளம்பரம்னு தெரிந்தால் யோசித்துக் காசு கொடுப்போம். செய்தின்னு நினைத்தால் நம்பிக் கொடுத்துடுவோம். நஷ்டம் பேப்பருக்கு இல்லை. தறிக்கூலியை எண்ணிக் கொடுத்தவருக்கு.