மார்கழியில் மக்கள் இசை

கணபதி விசர்ஜனத்தன்று கசார்வாடியில் டோல்-தாஷா முழங்கினால் நம் வீட்டுப் பிள்ளைகளும் இடுப்பில் டோலைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க நமக்கும் பெருமைதான். ஊரில் அப்படியே முழங்கும் பறையை மட்டும் சாவு வீட்டோடு நிறுத்தி வைத்துவிட்டோம்!

இதைக் கேள்வி கேட்ட விழா ஒன்று சென்னையில் உண்டு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. சபாக்களில் கச்சேரி நடக்கும் அதே மார்கழியில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடை ஏறின. மறு ஆண்டு மதுரைக்கும் கோவைக்கும் விழா சென்றது.

இதற்கு வழி திறந்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற எண்ணமே அதன் பெயர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. இசையமைப்பாளர் தென்மா திரட்டிய 19 பேரில் ஒரே பெண் இசைவாணி. வடசென்னைத் துக்க வீடுகளில் விடிய விடியப் பாடப்படும் கானா, ஆண்களின் பாட்டு என்றே இருந்தது. அதை அவர் மேடையில் பாடினார். 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலிலும் இடம்பெற்றார்.

நம் பொங்கல் விழாவிலும் பறை வைக்கலாமே என்று பேச்செடுத்தேன். "நல்ல நாளில் சாவு மேளமா?" என்றார் பெரியவர் ஒருவர். விசர்ஜனத்தில் தாஷா அடிப்பவன் அவருடைய பேரன்தான். அவனைக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.