குறைந்த விலையில் ஹோம் தியேட்டர் ரிசீவர்

ஹோம் தியேட்டர் ரிசீவர் மூன்று வேலைகளைப் பார்க்கும் ஒரே பெட்டி. செட்டாப் பாக்ஸ், பிளேயர், கேம் மெஷின் எல்லாவற்றின் எச்.டி.எம்.ஐ. வயர்களும் அதில் வந்து சேரும். டால்பி, டி.டி.எஸ். முறைகளில் சுருக்கி வைத்த ஒலியை அது விரித்தெடுத்து, ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பெருக்கி அனுப்பும். ரிசீவர் என்ற பெயர் ரேடியோவிலிருந்து வந்தது. இன்றும் பல மாடல்களில் எஃப்.எம். இருக்கிறது, 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கிய நாகர்கோவில் நிலையத்தைக் கேரள எல்லையோரப் பாறசாலைப் பக்கத்தில் அதிலேயே கேட்கலாம்.

கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் முதல் ரிசீவர் வாங்குகிறவர் பெரும்பாலும் கடையில் கூட்டித் தந்த அசெம்பிள் செட்டைக் கேட்டு வளர்ந்தவர். வாட் கணக்கில் ஏமாறும் பழக்கமும் அங்கிருந்தே தொடங்குகிறது. 4440 என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஐ.சி. ஒரு பக்கத்துக்குத் தருவது 6 வாட். இரண்டு பக்கத்தையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கினால் 19 வாட். அதே ஐ.சி. உட்கார்ந்த பெட்டியின் முகப்பில் ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று ஸ்டிக்கர் மின்னும். பி.எம்.பி.ஓ. எப்படி அளக்க வேண்டும் என்பதற்குப் பொது விதியே கிடையாது. ஒட்டுகிறவர் மனம்போல் ஒட்டலாம்.

பெரிய கம்பெனிகள் பொய் எழுதுவதில்லை. ஆனால் தங்களுக்குச் சாதகமான அளவைப் பெரிய எழுத்தில் போடும். யமஹாவின் ஆர்.எக்ஸ்-வி385 நல்ல உதாரணம். விவரப் பட்டியலில் 135 வாட் என்று ஒரு வரி இருக்கிறது. அது ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே ஒரு சுருதியை அனுப்பி, 10 சதவீதம் ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்று வைத்து அளந்தது. இரண்டு சேனல்களை ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை 0.09 சதவீதச் சிதைவுக்குள் அளந்தால் கிடைப்பது 70 வாட். சோனியின் எஸ்.டி.ஆர்-டி.எச்590இல் 145 வாட் இதே முறையில் 90 ஆகிறது. ஐந்து சேனலும் சேர்ந்து முழங்கும்போது இதுவும் குறையும். ஆகவே இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது '20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், 2 சேனல்' என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். அந்த வரியே இல்லாத பெட்டியை வாங்காமல் இருப்பது நல்லது.

பத்து இருபது வாட் கூடுதல் என்பதற்காகப் பணம் கொட்டவும் தேவையில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் ஏறும். காதுக்கு அது சற்றே கூடியதாகத்தான் தெரியும். கேட்பதற்கு இரண்டு மடங்கு சத்தம் வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரே வாட்டில் 85 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர் வாங்குவது, ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். மிச்சப்படும் காசு ஸ்பீக்கருக்குப் போவதே லாபம். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி ஹாலுக்கு உண்மையான 70 வாட் தாராளம்.

பழைய செட்டின் ஸ்பீக்கர்களை ரிசீவரில் இணைக்க நினைப்பவர் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்த விலை ரிசீவர்கள் பெரும்பாலும் 6 ஓம், 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கானவை. 4 ஓம் மாட்டினால் சூடேறி அணைந்துவிடலாம். சப் ஊஃபர் விஷயம் இன்னும் முக்கியம். பொதுவாக ரிசீவர் சப் ஊஃபருக்குப் பெருக்காத சிக்னலை மட்டுமே தரும். அசெம்பிள் ஆம்ப்பில் ஓடிய வெறும் பெட்டி இதில் வாய் திறக்காது. உள்ளேயே ஆம்ப் உள்ள சப் ஊஃபர் தனியாக வாங்க வேண்டும். இந்தச் செலவைப் பலர் கணக்கில் வைப்பதில்லை.

டிவியிலேயே ஓ.டி.டி. பார்க்கும் வீட்டில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையை டிவியிலும் ரிசீவரிலும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே வயரில் ஒலி திரும்பி வரும். தலைக்கு மேலிருந்தும் கேட்கும் டால்பியின் அட்மாஸ் ஒலி 2012 இறுதியில் 'சிவாஜி' 3டி வழியாகத் தமிழுக்கு வந்தது. அதை வீட்டில் முறையாகக் கேட்கக் கூரையிலோ கூரையை நோக்கியோ ஸ்பீக்கர் வேண்டும், ஏழு சேனல் ரிசீவரும் வேண்டும். குறைந்த பட்ஜெட்டில் அந்த ஆசையைத் தள்ளிவைக்கலாம். ஓ.டி.டி.யின் அட்மாஸ் ஒலி சாதாரண 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர்) ரிசீவரிலும் 5.1 ஆகவே ஒலிக்கும்.

கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் ஒலியை எதிரொலிக்கும். பெட்டியோடு வரும் சிறு மைக்கை உட்காரும் இடத்தில் வைத்து அளவெடுக்கும் வசதி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்தத்தையும் ஒழுங்குபடுத்தும். எதிரொலியைக் குறைக்கத் திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போதும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய செட் மலிவாகக் கிடைக்கும். பின்பக்கத்தில் 120 வோல்ட் என்றிருந்தால் அமெரிக்காவுக்கானது, 100 வோல்ட் என்றால் ஜப்பானுக்கானது; நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான். எச்.டி.எம்.ஐ. இல்லாத பழைய செட்டும் வேண்டாம்.

நெய்யாறு அணைக்கட்டுப் பக்கத்து மலையடிவார ஊர்களில் ரிசீவருக்குப் பெரிய எதிரி ஐப்பசி மின்னல். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கைகள் வழக்கமாகப் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையைக் குறிப்பிடும். படம் பார்க்கும் நேரமும் அதுவே. பிளக்கைப் பிடுங்கினாலும் கேபிள் டிவி வயர் வழியே பாய்ந்த மின்னல் செட்டாப் பாக்ஸைக் கடந்து எச்.டி.எம்.ஐ. வயரில் ஏறி ரிசீவரின் போர்டை எரித்துவிடும். ரிமோட்டில் அணைப்பது எந்தப் பாதுகாப்பும் தராது. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் கேபிள் வயரையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.